ஜூரி முடிவு எதிராக வந்தால்: மறுவிசாரணை மனுவா, மேல்முறையீடா?

கலிபோர்னியாவில் கார் விபத்து வழக்கில் தோற்றவரும் சரி, வென்றும் சொற்பத் தொகை வாங்கியவரும் சரி, உடனே யோசிப்பது அப்பீலைத்தான். பெரும்பாலான வழக்குகளில் அதைவிட வலுவான வழி, விசாரித்த அதே நீதிபதியிடம் மறுவிசாரணை கேட்பது. அதற்கான அவகாசம் மிகக் குறைவு என்பதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சிக்னலில் யாருக்குப் பச்சை என்பதுதான் சண்டை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் இரண்டு சாட்சிகள், எதிர்ப்பக்கம் ஒருவர். ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் (வழக்கமாகப் பன்னிரண்டு பேர் கொண்ட) பொதுமக்கள் குழு, அந்த ஒருவரை நம்பிவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் எந்தச் சாட்சியையும் பார்க்கப்போவதில்லை. பதிவேட்டை வாசித்து, ஜூரியின் முடிவுக்குத் தக்க ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும், முடிவு நின்றுவிடும். நம் ஊரில் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து உயர் நீதிமன்றம் போனால் சாட்சியத்தை மறுபடி அலசித் தொகையை ஏற்றி இறக்குவார்கள். அந்த நினைப்பில் இங்கே அப்பீல் போட்டால் ஏமாற்றம்தான்.

மறுவிசாரணை மனுவில் நிலைமை வேறு. சாட்சிகளை நேரில் பார்த்த நீதிபதி, ஆதாரத்தைத் தானே எடைபோடலாம்; யாரை நம்புவது என்பதையும் தானே முடிவு செய்யலாம். வக்கீல்கள் அவரைப் 'பதிமூன்றாவது ஜூரர்' என்பார்கள். அவர் மனுவை ஏற்றுக் காரணங்களைத் தெளிவாக எழுதிவிட்டால், மேல் நீதிமன்றம் அதை எளிதில் கலைக்காது. காரணம் உத்தரவிலேயே இல்லாவிட்டால் நீதிபதியே 10 நாட்களுக்குள் தனியாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். வெல்லும் மனுக்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

தொகை பற்றிய குறை என்றால் வேறு வழியே கிடையாது. மருத்துவச் செலவை முழுக்கக் கொடுத்துவிட்டு, வலிக்கும் வேதனைக்கும் பூஜ்யம் என்று ஜூரி எழுதியிருக்கலாம். அதை மறுவிசாரணை மனுவில் எழுப்பாவிட்டால் அப்பீலில் எழுப்பும் உரிமையே போய்விடும். எழுப்பினால், "இவ்வளவு கூட்டிக் கொடுக்கச் சம்மதமா, இல்லை மறுவிசாரணையா?" என்று நீதிபதி பிரதிவாதியிடம் கேட்கலாம். ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் இந்தக் கூட்டல் கிடையாது. 500 டாலரை 1,500 ஆக்கிய ஒரு கார் விபத்து வழக்கில், 1935-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. குறைப்பது மட்டும் அங்கே இன்றும் உண்டு.

ஜூரர்களின் நடத்தை தவறு என்றாலும் இதே மனுதான். ஒரு ஜூரர் வீட்டில் விபத்து நடந்த சாலைச் சந்திப்பின் வரைபடத்தை இணையத்தில் தேடிப் பார்த்தார் என்று சக ஜூரர் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும். "நீதிபதி சொன்னதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம்" என்பது செல்லாது. மனதுக்குள் நடந்ததைச் சட்டம் கிளற விடாது.

கெடு: தீர்ப்புப் பதிவான அறிவிப்பை நீதிமன்ற எழுத்தரோ எதிர்த்தரப்போ அனுப்பிய நாளிலிருந்து 15 நாட்கள். தபாலில் வந்தது என்று கூடுதல் நாள் கிடையாது, நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது. நீதிபதி 75 நாளில் முடிவெடுக்காமல் விட்டால் மனு தள்ளுபடி என்றே கணக்கு. ஜூரி முடிவை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பு கேட்கும் மனுவுக்கும் இதே கெடுதான். ஆனால் எதிர்த்தரப்புக்கு ஆதாரமே இல்லை என்றால்தான் அது ஜெயிக்கும். செலவு அதிகம் இல்லை, இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

அப்பீலின் பலம் சட்டப் பிழையில் இருக்கிறது: ஜூரிக்குத் தவறான அறிவுரை, சேர்க்கக்கூடாத ஆதாரத்தைச் சேர்த்தது. பிழை இருந்தால் மட்டும் போதாது, அது முடிவை மாற்றியிருக்க நியாயமான வாய்ப்பு வேண்டும். காமரோ கார் விபத்தில் கணுக்கால்கள் நொறுங்கிய பெண் ஜெனரல் மோட்டார்ஸ் மீது தொடுத்த வழக்கில் (வாகன வடிவமைப்பு வழக்குதான், ஆனால் விதி ஒன்றே), அறிவுரையில் பிழை உண்டு என்று ஒப்புக்கொண்ட கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், 1994-இல் ஜூரியின் முடிவை அப்படியே நிறுத்தியது.

அப்பீல் அறிவிப்புக்குப் பொதுக் கெடு 60 நாட்கள். முறையான மறுவிசாரணை மனு தள்ளுபடியானால், தள்ளுபடி உத்தரவு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள்வரை அது நீளும். ஒரு நாள் தவறினாலும் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. தள்ளுபடி உத்தரவின் மேல் தனியாக அப்பீல் கிடையாது, அசல் தீர்ப்பின் மேல்தான்.

பல மாவட்டங்களில் சிவில் விசாரணைக்கு நீதிமன்றம் சுருக்கெழுத்தரைத் தருவதில்லை. நீங்களே அமர்த்தாமல் விட்டிருந்தால், சாட்சியத்தைப் பற்றிய அப்பீல் கிட்டத்தட்ட முடிந்தது. பதிவேடு இல்லாத இடத்தில் தீர்ப்பு சரி என்றே கொள்வார்கள்.

தோற்றது பிரதிவாதி என்றால் கணக்கு மாறுகிறது. அப்பீல் போட்டதால் வசூல் நிற்காது. ஜாமீன் நிறுவனம் மூலம் தீர்ப்புத் தொகையைப் போல் ஒன்றரை மடங்குக்குப் பத்திரம் வேண்டும், வட்டியும் ஆண்டுக்கு 10 சதவீதம் ஓடும்.

தோற்ற வாதிக்கும் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்கான சீட்டு வரும். எதிர்த்தரப்பின் முறையான சமரசத் தொகையை முன்பு மறுத்திருந்தால், அவர்களின் நிபுணர் கட்டணமும் தலையில் விழலாம். ஆகவே 15 நாள் மனுவைப் போட்டுவிட்டு, "நீங்கள் செலவை விடுங்கள், நாங்கள் அப்பீலை விடுகிறோம்" என்று பேசிப்பாருங்கள். மனு நிலுவையில் இருக்கும் அந்த 75 நாளில்தான் காப்பீட்டு நிறுவனமும் காது கொடுக்கும்.