வீட்டு வேலை: ஞாயிறு மொத்தமாகவா, தினமும் கொஞ்சமாகவா?

பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஆபீசில் நெருக்கடி, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் சேர்ந்து வரும்போது வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கத் தோன்றும்.

குமரி மாவட்டத்தில் துணி விஷயத்தில் அது ஒத்துவராது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஜூனிலோ அக்டோபரிலோ ஒரு வாரத் துணியை ஒரே நாளில் துவைத்தால் கொடி போதாது. ஈரம் நின்று வாடை வந்தால் மறுபடியும் துவைக்கணும். தினம் ஒரு வாளி என்றால் வராந்தாவில், விசிறிக் காற்றிலாவது காய்ந்துவிடும். அப்புறம், பலருக்கு ஞாயிறு காலை சர்ச் ஆராதனையிலேயே போய்விடும்.

மீன் குழம்புச் சட்டியையும் அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள்.

தேங்காய் துருவுவதை மட்டும் மொத்தமாகச் செய்யலாம், ஃப்ரீசரில் வைத்தால் வாரம் முழுக்க அரைக்க ஆகும். மீனைச் சந்தையிலேயே வெட்டி வாங்குவதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஒட்டடை, அலமாரி எல்லாம் ஞாயிறுக்கும் வேண்டாம், நெருக்கடி முடியட்டும்.

கொஞ்சமும் முடியாத நாளில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) அரைத்தால் போதும். கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு.