ஊர்த் தலைமைக்கு எது துணை: ஒலிபெருக்கியா, வாட்ஸ்அப்பா, சமுதாய வானொலியா?

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரி நல்லவாட்டுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து கடலைப் பற்றி எச்சரித்தார். ஊரில் கணினி வழியே தகவல் தந்துவந்த அறிவு மையத்து ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கி அன்றைக்கென்று மாட்டியதல்ல. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் இந்த மையங்களைத் தொடங்கியது. பக்கத்து வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தைப் பார்த்து அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்லி வந்தார்கள். தினமும் கேட்டுப் பழகிய குரல் ‘ஓடுங்கள்’ என்றால் சனம் ஓடும். அவசரத்துக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் மைக் யார் கையிலோ அவர் பேச்சுதான். திருப்பிக் கேட்க வழியில்லை.

திருப்பிக் கேட்கலாம் என்றுதான் வாட்ஸ்அப் குழுவை நம்பினோம். 1,024 பேர் வரை சேர்க்கலாம், செலவு இல்லை, உடைந்த குழாயைப் படமெடுத்தும் போடலாம். எங்கள் ஊர்க் குழுவில் ஒரு அக்கா, மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று குரல் பதிவு போட்டார். பின்னாலேயே பிறந்தநாள் வாழ்த்து, கட்சிப் படம், காலை வணக்கம். அக்காவின் குரல் எங்கோ மேலே போய்விட்டது. தொல்லை தாங்காமல் ‘அட்மின் மட்டும் பேசலாம்’ என்று மாற்றினார்கள். சத்தம் நின்றது. அக்காவும் அதோடு நின்றுவிட்டார். குழாய் ஒலிபெருக்கி கைப்பேசிக்குள் குடிவந்தது, அவ்வளவுதான்.

சமுதாய வானொலியை, அதாவது ஊர் மக்களே பங்கெடுத்து நடத்தும் சிறு வானொலியை, நான் உயர்த்திப் பிடிப்பது இதனால்தான். 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்த உரிமம், 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-இல் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ 90.4 எஃப்.எம். நிலையம் தொடங்கியது. சிறிய டிரான்ஸ்மிட்டர்தான், சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமே எட்டும். அதுவே அதன் பலம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் பாசி எடுக்கும் பெண்ணும் வலை பின்னும் பெரியவரும் மைக் முன் உட்கார்ந்தாக வேண்டும். முதல் நாள் குரல் நடுங்கும். நாலாம் வாரம், “ஐயா, ஐஸ் விலை ஏன் கூடிச்சு?” என்று அதிகாரியிடம் நேராகவே கேட்பார். பயிற்சி வகுப்பில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அந்தத் துணிவு வராது.

குறைகளும் உண்டு. சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை, ஆகாசவாணி செய்தியை மட்டும் அப்படியே ஒலிபரப்பலாம். உரிமம் டெல்லியிலிருந்துதான் வர வேண்டும். மின்கட்டணம், ஆள் சம்பளம் என்று மாதாமாதம் செலவு வேறு.

கையில் காசு குறைவென்றால் முதலில் ஒலிபெருக்கி வையுங்கள், புயல் காத்திருக்காது. அருகில் வானொலி இருந்தாலோ, அதை விடாதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம், அந்த அக்காவின் குரல் பதிவை நிலையத்தில் ஓடவிட்டு, ஊராட்சித் தலைவரை எதிரே உட்காரவைத்துப் பதில் கேளுங்கள். தண்ணீர் என்றைக்கு வரும் என்று அவர் சொல்லும் தேதியை மறுநாள் ஒலிபெருக்கியிலும் அறிவியுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்.