1964ஆம் ஆண்டுப் பொதுத் தொலைபேசி என்று விற்கப்பட்ட கறுப்புப் பெட்டி: சேகரிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ராணிப்பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம், காசு போட்டுப் பேசும் பழைய பொதுத் தொலைபேசி ஒன்றை 34,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 1964இல் செய்யப்பட்டது, தபால் தந்தித் துறைக் காலத்துச் சரக்கு என்று வாட்ஸ்அப்பில் எழுத்து மூலமாகவே உறுதி சொல்லி அவர் விற்ற அந்தப் பெட்டி, உண்மையில் 1990களில் கடை வாசல்களில் தொங்கிய ஒரு ரூபாய் காயின் பாக்ஸ்தான். கறுப்புப் பெயிண்ட் அடித்து, வேறொரு கருவியின் பெயர்த் தகட்டைப் பொருத்தி, அதை முப்பது ஆண்டு முதுமையாக்கியிருக்கிறார்கள். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் வட்டாரத்தில் பழைய தொலைபேசியும் வானொலியும் சேர்ப்பவர்கள் அதே வியாபாரியிடம் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அவர் முதலில் அனுப்பிய படங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. கனத்த இரும்புப் பெட்டி, சுழற்றும் டயல், பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) ரிசீவர், அருகில் வைத்து எடுத்த பெயர்த் தகடு என எல்லாம் பொருந்தியிருந்தன. கதவைத் திறந்து உட்புறத்தைக் காட்டும்படியும், டயலைச் சுழற்றி வீடியோ எடுத்து அனுப்பும்படியும் கேட்டேன்; இரண்டும் வந்தன. நல்ல நிலையில் உள்ள டயல் வினாடிக்குப் பத்துத் துடிப்புகள் அனுப்பும்; பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்புகள், ஆகவே அதைச் சுழற்றி விட்டால் ஏறக்குறைய ஒரு வினாடியில் திரும்பி நிற்க வேண்டும். வீடியோவில் அப்படித்தான் நின்றது. நேரில் பார்க்க வருவதாகச் சொன்னபோது, "பொருள் மெட்ராஸ் குடோன்ல இருக்கு சார், லாரியில போட்டு அனுப்பிடறேன்" என்றார்.

முன்பணமாக 15,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். சரக்கு வேலூர் பார்சல் ஆபீசுக்கு வந்த பிறகு, மீதித் தொகை முழுவதும் வந்தால்தான் எல்.ஆர். (லாரி ரசீது) நகலைத் தருவேன் என்று நின்றார். எல்.ஆர். இல்லாமல் பார்சல் ஆபீசில் பெட்டியைத் தரமாட்டார்கள், பிரித்துப் பார்க்கவும் விடமாட்டார்கள் என்பது லாரியில் சரக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும். அந்த நடைமுறையை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். மீதியைச் செலுத்தி, எல்.ஆர். வாங்கி, சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டுப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுத்தேன்.

வந்தது படத்தில் பார்த்த பெட்டி அல்ல. பெயர்த் தகட்டைப் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூக்களும் புத்தம் புதிய நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள். பெட்டியின் மற்ற ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒற்றைக் கீறல் தலை கொண்டவை. தகட்டைச் சுற்றி, முன்பு அங்கே இருந்த பெரிய தகடு ஒன்றின் விளிம்புத் தடம் பெயிண்டுக்கு அடியில் மேடாகத் தெரிந்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். துளையின் உள்சுவரில் பழைய சிவப்பு நிறம் அப்படியே இருந்தது. டயலைச் சுழற்றினால் தளர்ந்து பாதியில் நின்றது. முன்பு பட்டன்கள் இருந்த சதுரத் திறப்பை ஒரு தகரத்தால் மூடி, மேசைத் தொலைபேசி ஒன்றிலிருந்து எடுத்த டயலை அதன்மேல் பொருத்தியிருந்தார்கள். அதன் பின்னால் இருந்த கம்பிகள் எதிலும் இணைக்கப்படாமல் வெட்டப்பட்டுத் தொங்கின.

இவை எல்லாவற்றையும் விடத் தெளிவான சாட்சி காசு போடும் துளை. நம் நாட்டு ஒரு ரூபாய் நாணயம் காலத்துக்குக் காலம் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. 1962 முதல் 1982 வரை வெளிவந்த ரூபாயின் விட்டம் 28 மில்லிமீட்டர். 1983 முதல் 26. 1992இல் வந்த துருப்பிடிக்காத எஃகு ரூபாய் 25. 2011க்குப் பிறகு வந்தது 22. என்னிடம் உள்ள நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 1992க்குப் பிந்தைய எஃகு ரூபாய் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. 1983இன் ரூபாய் வாயிலேயே சிக்கியது. 1975இன் ரூபாய் நுழையவே இல்லை. பிற்காலத்தில் யாரோ துளையை மாற்றியிருப்பார்கள் என்று வியாபாரி பிறகு சொன்ன சமாதானம் எடுபடாது.  உள்ளே காசு உருண்டு செல்லும் தடமும் அதே 25 மில்லிமீட்டருக்கு வார்க்கப்பட்டது.

உள்ளே ஒரு சர்க்யூட் போர்டும் இருந்தது. அதில் உள்ள ஐசி (மின்னணுச் சில்லு) ஒன்றின் முதுகில் 9437 என்று அச்சிட்டிருந்தது. இந்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு ஆண்டையும் அடுத்த இரண்டு வாரத்தையும் குறிக்கும். அதாவது 1994ஆம் ஆண்டின் 37ஆம் வாரம். தபால் தந்தித் துறை 1985இலேயே அஞ்சல், தொலைத்தொடர்பு என இரண்டாகப் பிரிந்துவிட்டது. அந்தத் துறையின் தகட்டுக்கு அடியில் 1994இன் ஐசி இருப்பதற்கு வேறு விளக்கம் கிடையாது.

பணம் போனதை விட எனக்கு ஆறாதது வேறு. அந்தச் சிவப்பு காயின் பாக்ஸ் தன்னளவில் பாதுகாக்க வேண்டிய பொருள். வெளியூருக்குப் பேச எஸ்டிடி பூத், உள்ளூருக்குப் பேச ஒரு ரூபாய்ப் பெட்டி என்று வேலூரின் பேருந்து நிலையத்திலும் மருத்துவமனைத் தெருக்களிலும் எத்தனை பேர் அதன்முன் சில்லறையோடு வரிசையில் நின்றிருப்பார்கள்! உள்ளது உள்ளபடி சொல்லி விற்றிருந்தால் அதை அந்தச் சிவப்பு நிறத்தோடே மனமுவந்து வாங்கியிருப்பேன். பட்டன்களைப் பிடுங்கி, அசல் தகட்டைத் தூக்கி எறிந்து, எந்தக் கடை வாசலில் இருந்தது என்ற தடயத்தையும் அழித்துவிட்டார்கள். பெயர்த் தகட்டைப் பறிகொடுத்த இன்னொரு பழைய கருவியும் எங்கோ பெயரற்றுக் கிடக்கிறது.

தொலைபேசியில் கேட்டபோது, "ஆன்டிக் பீஸ்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும், ரிட்டன் கிடையாது" என்று சொல்லி வைத்தார். பின்னர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பில் கொடுக்கவில்லை. ஆனால் 1964 என்று அவர் எழுதிய செய்தி, பணம் சென்ற பதிவு, கட்டுப் பிரித்த வீடியோ மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை இணைத்து வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இணையவழியாகப் புகார் அளித்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் தயங்காமல் புகார் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எனக்கு அனுப்பிய அதே படங்களை இப்போது 42,000 ரூபாய் விலை போட்டு அவர் மீண்டும் அனுப்பிவருவதாக ஆம்பூர் நண்பர் ஒருவர் காட்டினார். ரிசீவரின் கீழ் முனையில் நகக்கண் அளவுக்குப் பேக்கலைட் பெயர்ந்திருக்கும். பெட்டிக்குப் பின்னால் பச்சைச் சுவர் தெரியும். அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அன்றைய நாளிதழைப் பெட்டியின் மேல் வைத்து, கதவைத் திறந்து உட்புறத்தையும் காசு போடும் துளையையும் காட்டுவதை ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேரும் வரை முன்பணம் அனுப்பாதீர்கள்.