யாங்கி ஸ்டேடியமா, சொந்த மைதானமா?

நியூயார்க் சிட்டி எஃப்சி என்ற கால்பந்து அணி 2015-லிருந்து பேஸ்பால் அணியான யாங்கீஸின் மைதானத்தில்தான் ஆடுகிறது. முதல் ஹோம் ஆட்டத்துக்கே 43,000-க்கு மேல் கூட்டம், டேவிட் வியா கோல் அடித்தார். அந்த இரைச்சல் 25,000 இருக்கைகளோடு குயின்ஸில் எழும்பும் அணியின் சொந்த மைதானமான எதிஹாட் பார்க்கில் வருமா என்று சிலர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிராங்க்ஸில் இருக்கும் யாங்கி ஸ்டேடியத்துக்கு வாசலிலேயே சப்வே ரயில், ஆனால் எதிஹாட் பார்க் அமையும் வில்லெட்ஸ் பாயிண்டுக்கும் 7-ஆம் ரயில் போகிறது, அதனால் அது பெரிய வாதம் இல்லை.

ஆட்டம் என்று பார்த்தால் பேச்சே வேறு. யாங்கி ஸ்டேடியத்தில் களம் 110 கஜ நீளம், 70 கஜ அகலம்தான், ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர் ஓடுவதற்குள் கோடு வந்துவிடும். பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டை எடுத்து, மண் பகுதிக்கு மேல் புல் பரப்பி ஆடுகிறார்கள். பல இருக்கைகள் களத்தைப் பார்க்காமல் பேஸ்பாலில் பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும், கழுத்து வலிக்கும்.

அட்டவணைதான் இன்னும் மோசம். யாங்கீஸுக்கு ஆட்டம் என்றால் நாம் சிட்டி ஃபீல்டுக்கு ஓட வேண்டும், அதுவும் பேஸ்பால் மைதானம்தான். சில ஹோம் ஆட்டங்கள் பரம எதிரி ரெட் புல்ஸின் நியூ ஜெர்சி மைதானத்தில் நடந்தன, ஹோம் என்று சொல்லவே வாய் கூசியது! 2021-ல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ் கோப்பையை ஜெயித்த அணிக்கு இந்த நிலை.

நான் எதிஹாட் பார்க் பக்கம். 2027-ல் திறக்கத் திட்டம். யாங்கி ஸ்டேடியத்தின் பிளீச்சர் எனும் பார்வையாளர் படிவரிசையில் நின்று கத்திய நாட்களை நினைத்து ஏங்குவேன்தான், சரி, ஏங்கிக்கொண்டே அகலமான களத்தில் ஆட்டம் பார்ப்பேன்.