திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளே பாடமாக: ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம், ஒரு மதிப்புரை

ஆய்வு மாணவர்களுக்குத் திறனாய்வுச் சிந்தனையைக் கற்றுத்தரும் கையேடுகளும் இணைய வகுப்புகளும் ஏராளம். அவற்றுள் பல, தர்க்கப் பிழைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பதோடு நின்றுவிடுகின்றன. அச்சேறிய ஓர் ஆய்வுக் கட்டுரையை எதிரே வைத்துக்கொண்டு அதனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பழக விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, கட்டணம் இல்லாத ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தைத்தான்.

ஐவன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ் என்னும் அறிவியல் இதழாளர்கள் இருவர் 2010இல் தொடங்கிய முயற்சி இது. வெளியான பின், இனி நம்பத்தக்கவை அல்ல என்று திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, 2018இல் தரவுத்தளமாக வெளியிட்டார்கள். 2023இல், ஆய்வுக் கட்டுரைகளுக்கான அடையாள எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் நிறுவனம் அதை வாங்கி, முழுத் தரவையும் எவரும் பதிவிறக்கிக்கொள்ளத் திறந்துவிட்டது. தலைப்பு, ஆசிரியர், ஆய்விதழ், நாடு, திரும்பப் பெற்றதற்கான காரணம் என எதைக்கொண்டும் தேடலாம். நாம் மேற்கோள் காட்டவிருக்கும் கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதே இதன் வழக்கமான பயன். மேற்கோள் மேலாண்மைக்குப் பயன்படும் ஜோடெரோ மென்பொருள் அந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது.

இதன் உண்மையான மதிப்பு, ஒரு கட்டுரையைக் கேள்வி கேட்கப் பழக்குவதில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கோவிட் நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறது என்று கூறும் கட்டுரை வெளியானது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று அது காட்டிய தரவின் பரப்பே வாசகரை வாயடைக்கச் செய்தது; உலக சுகாதார நிறுவனம்கூட அம்மருந்து குறித்த தன் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆனால், ஆஸ்திரேலியாவுக்கு அக்கட்டுரை காட்டிய இறப்புகள் அந்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கையே மிஞ்சியிருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். வெவ்வேறு கண்டங்களின் நோயாளிகளிடையே இருந்தாக வேண்டிய வேறுபாடுகள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன என்றும் கேட்டார்கள். மூலத் தரவைச் சரிபார்க்க வழியில்லாமல் போகவே, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கேள்விகளை எழுப்ப ஆய்வகமோ சிறப்பு அனுமதியோ தேவைப்படவில்லை; பொதுவெளியில் இருந்த எண்ணை எடுத்து ஒப்பிடும் பொறுமை போதுமானதாக இருந்தது. இதனால்தான், தரவுத்தளத்தில் ஒரு பதிவைக் கண்டதும், திரும்பப் பெற்றதற்கான ஆய்விதழின் அறிவிப்பைப் படிக்காமல் மூலக் கட்டுரையை முதலில் படித்து, ஐயங்களைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அறிவிப்போடு ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

திரும்பப் பெறுதல் என்றாலே மோசடி என்ற எண்ணத்தையும் இத்தரவுத்தளம் கலைக்கிறது. வேதியியலுக்கான 2018ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரான்சிஸ் ஆர்னால்ட், தம் குழுவின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவுகளை மீண்டும் பெற முடியாததால் 2020 ஜனவரியில் தாமே முன்வந்து அதைத் திரும்பப் பெற்றார். சொந்த முடிவையும் அதே கண்டிப்போடு வினவும் இந்த நேர்மையை எந்தக் கையேட்டாலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

குறைகளும் உண்டு. ஆய்விதழ்கள் வெளியிடும் அறிவிப்புகள் பல சமயம் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுவதால், பதிவும் அந்த அளவுக்கே பேசுகிறது. மருத்துவமும் அறிவியலும் நிறைந்திருக்க, மொழி, வரலாறு போன்ற துறைகளின் மாணவர்களுக்குக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் குறைவே. எல்லாவற்றிலும் முக்கியமானது, பட்டியலில் இல்லாத கட்டுரை பழுதற்றது என்று பொருள் கொள்ளக்கூடாது என்பது. வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 2010 வரை முழுமையாகத் திரும்பப் பெறப்படவில்லை.

நெறியாளர்கள் முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் கட்டுரைகளில் மட்டும் ஒரு கவனம் தேவை: திரும்பப் பெறப்பட்டவற்றோடு, பிறரால் மீண்டும் செய்து உறுதிப்படுத்தப்பட்ட சிலவற்றையும், எது எந்த வகை என்று சொல்லாமல் கலந்து கொடுக்க வேண்டும்; இல்லையேல், மாணவர் எதையும் எடைபோடாமல் எல்லாவற்றையும் சந்தேகிக்க மட்டுமே பழகிவிடுவார்.