சனி மாலைத் திருப்பலியா, ஞாயிறு காலைத் திருப்பலியா?

ஞாயிறுதோறும் திருப்பலியில் (கோயில் வழிபாட்டில்) பங்கேற்பது கத்தோலிக்கரின் கடமை. சனி மாலை வந்தால் அந்த ஞாயிறு கடன் தீருமா? தீரும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் பிரிவு முந்தின நாள் மாலைத் திருப்பலியையும் ஏற்கிறது. சனி காலைத் திருப்பலி கணக்கில் வராது.

வாசகங்கள் (திருப்பலியில் வாசிக்கும் விவிலியப் பகுதிகள்): பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றே. பெந்தக்கோஸ்து போன்ற சில பெருவிழாக்களுக்கு மட்டும் முந்தின மாலைக்குத் தனி வாசகங்கள் உண்டு.

நெரிசல்:
சனி – கூட்டம் குறைவு. முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் வசதி.
ஞாயிறு – அடுத்தடுத்த திருப்பலிகள். வெளியேறுவோரும் நுழைவோரும் வாசலிலேயே முட்டிக்கொள்வார்கள்.

நோன்பு: நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) பெறுவதற்கு முன் ஒரு மணி நேரம். வேலை முடிந்து தேநீர் குடித்துவிட்டு நேராக வருபவர்கள் சனி மாலையில்தான் இதை மறக்கிறார்கள். தண்ணீரும் மருந்தும் தடையில்லை.

பங்கு (உள்ளூர்க் கோயில் சமூகம்) உறவு: மறைக்கல்வி, இளையோர் குழு, பாடகர் குழு எல்லாம் பெரும்பாலும் ஞாயிறு காலையை ஒட்டியே நடக்கின்றன. சனி மட்டும் வருபவர் ஆண்டுக்கணக்கில் அறிமுகமில்லாமலே போய்விடலாம். இது பெரிய இழப்பு. அன்பியக் கூட்டத்துக்காவது (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) வந்துவிட வேண்டும்.

ஞாயிறு பணி உள்ளவர்களும் நோயாளியைக் கவனிப்பவர்களும் தயங்காமல் சனி மாலை வரலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், பங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் ஞாயிறு காலையே பொருந்தும்.