பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சீட் பெல்ட்? லேப், ஸ்டேடிக், இனர்ஷியா ரீல், ஹார்னஸ் ஓர் அலசல்

1960-களின் ஸ்போர்ட்ஸ் காருக்கு, அந்தக் காலத் தோற்றம் கெடாமல் சீட் பெல்ட் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் குரோம் பக்கிள், பட்டையின் நிறம் என்றுதான் தேடத் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தோள் ஆங்கர், அதாவது தோள் பட்டையை வண்டி உடலோடு பிணைக்கும் இடம். அது எவ்வளவு உயரத்தில், எந்த உலோகத்தில் அமையும் என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

இடுப்பை மட்டும் பிடிக்கும் லேப் பெல்ட் பொருத்த இரண்டே போல்ட் போதும். மூடியைத் தூக்கித் திறக்கும் விமான பாணி பக்கிள் பார்க்க அழகுதான். ஆனால் மோதலில் இடுப்பு மட்டும் நிற்க, மேலுடல் முன்னே மடியும். இந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காது. வீலும் மார்புக்கு வெகு அருகில் இருக்கும். காலப் பொருத்தம் என்ற காரணமும் செல்லாது. வால்வோவில் நீல்ஸ் போலின் வடிவமைத்த, இடுப்போடு தோளையும் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட் 1959-லேயே விற்பனைக் கார்களில் வந்துவிட்டது. தோள் ஆங்கருக்கு வழியே இல்லாத வண்டிக்கு மட்டும் லேப் பெல்ட்.

உண்மையான போட்டி ஸ்டேடிக் மூன்று புள்ளி பெல்ட்டுக்கும், பட்டை தானாகச் சுருண்டு சட்டென்று நிற்கும்போது பூட்டிக்கொள்ளும் இனர்ஷியா ரீலுக்கும்தான். ஸ்டேடிக் பெல்ட்டில் சிக்கிக்கொள்ள எந்திரம் எதுவும் இல்லை, இடமும் அடைக்காது, எந்தச் சாய்விலும் பொருத்தலாம். அதன் பலவீனம், நீளத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியிருப்பது. மார்புக்கும் பட்டைக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவே இடைவெளி இருக்கலாம். அப்படி இறுக்கினால் சோக், லைட் சுவிட்ச், ஹேண்ட்பிரேக் எல்லாம் எட்டாமல் போகக்கூடும். உடனே ஓட்டுபவர் பெல்ட்டைத் தளர்த்திவிடுவார். பெல்ட் பிடிப்பதற்குள் உடல் வேகமாக முன்னே போய்விடும். அதனால் வாங்குமுன் சீட்டில் உட்கார்ந்து, தோளைப் பின்னால் அழுத்தியபடியே எல்லா சுவிட்சும் எட்டுகிறதா என்று பாருங்கள். உயரம் வேறுபட்ட இருவர் ஓட்டும் வண்டிக்கு ஸ்டேடிக் தொல்லைதான்.

ரீலில் இந்தப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை உண்டு. வண்டியின் வேகக் குறைவை உணரும் குண்டோ பெண்டுலமோ சரியான கோணத்தில் நின்றால்தான் வேலை செய்யும். நேர்நிலைப் பில்லருக்கான (கதவோரத் தூண்) ரீலைச் சாய்ந்த வீல் ஆர்ச்சில் (சக்கரத்துக்கு மேலான வளைவு) பொருத்தினால் அது பூட்டியபடியே நிற்கும், பட்டை வெளியே வராது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ரீல் உட்காரும் பரப்பின் சாய்வைக் கோணமானியால் அளந்து, அந்தக் கோணத்துக்கான ரீலைக் கேட்டு வாங்க வேண்டும். பிராக்கெட்டை வளைத்துச் சரிக்கட்டவே கூடாது. திறந்த கார் என்றால் மடித்த துணிக் கூரையின் சட்டம் ரீல் பெட்டியில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தூசியும் மழையும் உள்ளே போனால் பட்டை திரும்பச் சுருள்வது மந்தமாகும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல், தாழ்ந்த தோள் ஆங்கர். பட்டை தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் போக வேண்டும். செங்குத்தாக இறங்கினால் மோதலில் அது தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை அழுத்தும். இரு தோளுக்கும் பட்டை உள்ள பந்தய ஹார்னஸுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி, கிடைமட்டத்துக்குக் கீழே 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆங்கரைப் பின்னால் தள்ளினால் கோணம் குறையும். ஆனால் பட்டை நீள நீள, மோதலில் அது இழுபட்டு நீள்வதும் கூடும்.

நான்கு புள்ளி ஹார்னஸைச் சாலைக் காருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். தோள் பட்டைகள் இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு ஏற்றிவிடும், உடல் அந்தப் பட்டைக்கு அடியில் நழுவும். ஐந்து, ஆறு புள்ளி ஹார்னஸில் கால்களுக்கிடையே போகும் பட்டை இதைத் தடுக்கத்தான். ரோல் பார் (கவிழும்போது தலையைக் காக்கும் இரும்பு வளைவு) இல்லாத வண்டி கவிழ்ந்தால், ஹார்னஸ் ஆளைக் குனிய விடாமல் நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும்.

எங்கள் தேர்வு: கூரையுள்ள கூபேக்கு ரீல், திறந்த ரோட்ஸ்டருக்கு ஸ்டேடிக்.

பொருத்தும்போது பெல்ட்டோடு வரும் போல்ட்டையே பயன்படுத்துங்கள். பொதுவாக அது 7/16 அங்குல யுஎன்எஃப் (நுண் மரை), அங்குலத்துக்கு 20 மரை. தயாராக ஆங்கர் இல்லாத இடத்தில் வெறும் வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அங்கே பின்னால் வலுவூட்டும் எஃகுத் தகடு வேண்டும்; அதற்கு எஃப்ஐஏ அளவு குறைந்தது 3 மிமீ தடிமன், 40 சதுர செமீ. 65 மிமீ சதுரத் தகடு இதற்குப் போதும். மூலைகளை உருட்டி, இழுவைக்கு எதிர்ப்புறத்தில், அதாவது தரைக்கு அடியிலோ வீல் ஆர்ச்சின் வெளிப்பக்கத்திலோ வையுங்கள். துருப்பிடித்த தகட்டில் எந்த பிளேட்டும் பயன்படாது. முதலில் உலோகத்தை மாற்றுங்கள். ஃபைபர் கிளாஸ், மரம், மெல்லிய அலுமினியம் என்றால் சுமையைச் சேஸிக்கோ இரும்புச் சட்டத்துக்கோ கொண்டுபோக வேண்டும்.

துளையிடுமுன் மறுபக்கத்தில் பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க், வயரிங் இருக்கிறதா என்று பாருங்கள். தரை நடுவே மேடாக ஓடும் டனலில் போல்ட் நுனி, உள்ளே சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தொடக் கூடாது. சஸ்பென்ஷன் அசைவுக்கும் இடம் விடுங்கள்.

தோள் வைத்த (தலைக்குக் கீழே மரையில்லாத தடித்த பகுதி உள்ள) போல்ட்டும் அலை வாஷரும் போட்டால் போல்ட் முழுக்க இறுகிய பிறகும் பெல்ட் நுனித் தகடு சுழலும். சுழலாமல் நெரிந்தால் பட்டை ஓரத்தில் மட்டும் சுமை விழுந்து கிழியும். பக்கிள் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பு எலும்பின் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

அசல் குரோம் பக்கிளை வைத்துக்கொள்ள ஆசையா? வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெயிலில் நைந்த பழைய பட்டையை அல்ல. சீட் பெல்ட் தரத்துக்குத் தைத்துச் சோதித்துத் தரும் இடத்தில் புதுப் பட்டை போடுங்கள். சீட் உறை தைப்பவரிடம் கொடுக்காதீர்கள். ரீல் என்றால், ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிச் சட்டென்று பிரேக் போடுங்கள். பட்டை பூட்டவில்லை என்றால் சாய்வை மறுபடி அளக்கும்வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.